பிடிக்காத படம்

"இத்த எத்துக்கினு போயிடு டேனியலு. இந்தப் படம் மட்டும் இந்த வூட்ல வாணாம்."

சவரிநாதன் இப்படிப் பேசி டேனியல் கேட்டதே இல்லை. வில்லியனூரில் பழைய பொருட்கள் கடை வைத்திருப்பவன் அவன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஏதாவது காலியானால், சட்டம் போட்ட பழைய படங்களைத்தான் முதலில் தேடுவான். நடனக்காரிகள், கம்பி மேல் நடப்பவர்கள், குதிரை முதுகில் நிற்பவர்கள்... எது கிடைத்தாலும் அரியூருக்கு, சகாயராணி அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். அவள் கணவர் சவரிநாதனே ஆணி அடித்து மாட்டுவார். கூடத்துச் சுவரில் இப்போது கையகல இடம்கூட இல்லை.

இன்று கொண்டுவந்த படத்தில் ஒரு பெண் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தாள். எதிரே சர்க்கஸ் ஊஞ்சல் பாரில் தலைகீழாகத் தொங்கிய ஒருவன், அவளைப் பிடிக்க இரு கைகளையும் நீட்டியிருந்தான்.

"நாந்தான் கொண்டாரச் சொன்னேன்" என்றாள் சகாயராணி, சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து. "எத்தினி வருசமா தேடுறேன் இந்த மாதிரி ஒண்ண. நம்ம கட்டிலுக்கு எதிர்ல மாட்டுங்க."

"என்னால முடியாது ராணி."

சவரிநாதன் கொல்லைக் கதவருகே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

டேனியலுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மாமா நீங்க? சர்க்கஸ்ல பார் ஆடினவங்க அக்கா. வுழுந்து, இடுப்புக்குக் கீழ எல்லாம் போச்சு. வெளிய தெருவ போவ வழியில்ல. இந்தப் படங்கதான் அவங்களுக்கு இருக்கிற ஒரே சந்தோசம். அதையும் வாணாம்றீங்களே! அவங்க பட்டது உங்களுக்கு இன்னா தெரியும்?"

சவரிநாதன் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"அவர ஒண்ணும் சொல்லாத தம்பி." சகாயராணி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுல இன்னும் யாரும் வுழல பாரு. அன்னிக்கி இந்த நிமிசம் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சிக்கினுதான் இருந்தோம்."

"ரெண்டு பேருன்னா...?"

தலைகீழாகத் தொங்கியவனின் முகத்தை அவள் விரலால் தொட்டாள்.

"என் கைய நழுவ வுட்டது உன் மாமாதான். ஆஸ்பத்திரியில என் கால்மாட்டுல நின்னு அழுதுக்கினே இருந்தாரு. 'அழுவாத, என்னக் கட்டிக்கிறியா'ன்னு நாந்தான் கேட்டேன்."