முன்னதாக வந்த சமிக்ஞை

டென்வர் கட்டுப்பாட்டு அறையில் வழக்கப்படி, அதிர்ஷ்டத்துக்காக வேர்க்கடலைச் சாடி கைமாறியது. செவ்வாயின் மேல் வளிமண்டலத்தில் உரசி வேகத்தைத் தணித்துவரும் விண்கலம், கோளின் மறுபுறத்திலிருந்து வெளிப்படவேண்டும். அதன் சூரியத்தகட்டு இறக்கைகளை வடிவமைத்த கஸ், தம் பல்லாண்டு உழைப்பைத் திரையில் தேடினார்.

குறித்த நேரத்திற்கு முன்பே சமிக்ஞை வந்தது.

"பாத்தியா மார்லீன்! நம்ம பய சீக்கிரமே வந்துட்டான்! இந்தா, கடலை!"

பாதையைக் கணிக்கும் மார்லீன் கைநீட்டவில்லை.

"என்னம்மா, பந்தயத்துல தோத்த மூஞ்சி?"

"கஸ்... புழுதிப்புயல்ல காத்து அடர்த்தியாயிடுச்சு. அது வேகத்தை அளவுக்குமேல பறிச்சதாலதான் சுத்து குறுகி, சீக்கிரம் வந்திருக்கான். மேல தூக்கிவிட எரிபொருள் இல்ல. அடுத்த சுத்துல எரிஞ்சிடுவான்."

கஸ் சாடியை மெல்ல மூடி, திரையில் ஓடிய சமிக்ஞையைப் பார்த்தார்.

"பாவம், எல்லாம் நல்லா இருக்குன்னுதான் இன்னும் சொல்லிட்டிருக்கான்."