இளஞ்சிவப்புச் சாக்கு

உப்பளத்தில் வேலை செய்யும் எல்லோர் கண்ணிலும் வெயிலைத் தணிக்கும் மின்னணு வில்லை, அதாவது லென்ஸ், இருந்தது. வெயிலில் கண் கூசுவது நின்றுவிட்டது. ஆனால் வானம், பாத்தி, உப்புக் குவியல் எல்லாமே ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. வில்லைகளுக்கு இன்று வந்த புது மென்பொருள், அப்படித் தொலைந்த வேறுபாட்டை நிறமாக மாற்றிக் காட்டியது.

“புஷ்பராணி, பாத்தியா! நிழலெல்லாம் நீலமா இருக்கு!” என்று கத்தினார் மேஸ்திரி கோயில்பிச்சை.

“மாதா கோயில் சப்பரம் மாதிரி ஜொலிக்கு அண்ணாச்சி!”

சிரித்தபடியே அவள் உப்பை அள்ளும் லோடர் வண்டியைக் குவியலுக்கு ஓட்டினாள். அதன் இரும்பு வாளியை இறக்கும்போது, நீல நிழலுக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ அசைந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்துக் குதித்தாள். அது ஒரு வெள்ளை உப்புச் சாக்கு. இழுத்தால், உள்ளே அவள் மகள் அமலி.

“ஏட்டி! இங்க என்னட்டி பண்ணுத?”

“கண்ணாமூச்சிம்மா. சாக்கை மூடிக்கிட்டா உங்க யாருக்கும் தெரியாதுல்லா? பள்ளிக்கூடம் விட்டா நாங்க தெனமும் இங்கனதான் ஒளியுதோம்.”

“நாங்களா?”

புஷ்பராணி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த குவியலடியில் ஓர் இளஞ்சிவப்பு. அதற்கடுத்ததில் இரண்டு.

“அண்ணாச்சி! எல்லா வண்டியையும் நிப்பாட்டச் சொல்லுங்க!”

பிடிபட்ட வெட்கத்தோடு, இளஞ்சிவப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து, சிரித்துக்கொண்டே அவளிடம் ஓடிவந்தன.