கை எடுத்தாச்சா

கார் ரேடியேட்டர் ஃபேன் பழுது. பேட்டரியைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டுப் புது ஃபேனை நானே மாட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் இருந்தா அரை மணி நேர வேலை," என்றாள் மனைவி.

"செத்தவரை ஏன் இழுக்குற?"

போன வருடம் பழைய ஃபேனுக்குள் மச்சான் கை இருந்தபோது சாவியைத் திருப்பியவன் நான். சாவியைத் திருப்பும் முன் "கை எடுத்தாச்சா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். அன்று மறந்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். விரல்கள் போயின, புண் அழுகி அவரும் போனார்.

கடைசித் திருகை முடுக்கும்போது மணிக்கட்டு ஃபேன் இறக்கைகளுக்கிடையே மாட்டிக்கொண்டது.

"கை எடுத்தாச்சா மாப்ளே?" காருக்குள்ளிருந்து மச்சான் குரல்.

"இன்னும் இல்ல மச்சான்."

"கேக்காம திருப்புறது தப்பு. அதான் கேட்டேன்."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பேட்டரி படியிலேயே இருந்தது. ஃபேன் மெல்லச் சுழலத் தொடங்கியது.