இவருக்குச் சான்று இவரே

ஒவ்வொருவர் பேச்சுக்கும் நம்பகச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்ட காலம்; கேட்பவரின் காதுக் கருவி அதைச் சரிபார்க்கும். அந்தக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் கிருபாகரன், ஆபீஸின் சோதனைக் கணினியான டெஸ்ட் சர்வருக்காகத் தனக்குத் தானே வழங்கிக்கொண்ட சான்றிதழை மாற்ற மறந்து வீடு திரும்பினான்.

"ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு" என்றான்.

மனைவி ஷர்மிளாவின் காதில் எச்சரிக்கை ஒலித்தது: "இவருக்குச் சான்று இவரே. நம்புவது ஆபத்து. தொடரவா?"

அவள் அதை அப்படியே அவனிடம் சொன்னாள்.

கிருபாகரன் சிரித்தான். "அது ஒண்ணுமில்லம்மா. டெஸ்ட் சர்வர்ல நாள் முழுக்க இதான் வரும். யாரும் காதுல வாங்க மாட்டோம். 'பரவாயில்லை, தொடர்க'ன்னு அழுத்திட்டுப் போயிட்டே இருப்போம்."

"தெரியும்ங்க" என்றாள் ஷர்மிளா, அடுப்பை அணைத்தபடி. "கல்யாணமானதுலேர்ந்து நானும் அதைத்தான் அழுத்திட்டிருக்கேன். இன்னிக்குத்தான் காதுல வாங்கினேன்."