உரிக்காமல் விட்ட துணி

பாதி திறந்த கராஜ் கதவுக்குக் கீழே நுழைந்த கான்சஸ் வெயில், மரத்தாங்கிகளின் மேல் கிடக்கும் இறக்கை வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. வெர்லின் ஏழு வருஷமாகத் தன் கையால் கட்டும் விமானம், நாளைக்குப் பெயின்ட். தர்பூசணி வாங்க வந்தவன் மாதிரி காதைச் சாய்த்து, நாணயத்தால் இறக்கையைத் தட்டிக்கொண்டே போகிறான். டிக், டிக், டிக், தொப். அந்த இடத்தில் உள்ளே ஒட்டவில்லை. கத்தியால் கீறிப் பார்க்கிறான். இரண்டு கண்ணாடி இழை அடுக்குகளுக்கு நடுவே சிவப்பு நூலோடிய துணி. கீழடுக்கு காயும்வரை மேலே போர்த்திவைப்பது, மேலடுக்கை ஒட்டுமுன் உரித்தெறிந்திருக்க வேண்டியது. "உரிச்சாச்சு" என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்ன வாய் இப்போது திறந்தபடியே இருக்கிறது. பக்கத்து வீட்டு டுவேன் பீரும் கையுமாகக் குனிந்து பார்க்கிறான். "பூசி மறைச்சிடுப்பா, யாருக்குத் தெரியப் போவுது?" "மேல போனதும் எறக்கைக்குத் தெரியும்டா. பக்கத்து சீட்ல ஓபல்தானே உக்காந்திருப்பா!" என்கிறான் வெர்லின். பேச்சுக்கு நடுவே அவன் மனைவி ஓபலே வருகிறாள், விலைச்சீட்டு கிழிக்காத தோல் ஜாக்கெட்டில். "இந்தக் கோடைக்காவது பறக்கிறோமா, இல்ல இதப் போட்டுக்கிட்டு நான் கோழி வறுக்கவா?" வெர்லின் ரம்பத்தை எடுக்கிறான். "நுனியக் கொஞ்சம் பிடிச்சுக்கோ." அவள் சிவப்பு நூலைப் பார்க்கிறாள். ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி, விலைச்சீட்டைப் பத்திரமாக அதன் கைக்குள் செருகிவிட்டு வந்து, இறக்கையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.