நரி வீட்டுப் போர்வை

தின்றால் மறுபடி தின்னச் சொல்லும் மயக்கக் காயை விற்ற நரிக்குச் சிறைத்தண்டனை விழுந்தது. அதில் சம்பாதித்ததை ஜப்தி செய்ய, கொட்டும் பனியில் நீதிமன்ற அமீனா கொக்கம்மா நரியின் குகைக்குப் போனாள். ஒரு போர்வைதான் இருந்தது. அதற்குள் நரிக்குட்டி சுருண்டிருந்தது.

“எங்கப்பா எனக்காக நெய்தது, அத்தை.”

“காய்க்காக முயல்கள் தங்கள் உடம்பிலிருந்து பிடுங்கிக் கொடுத்த ரோமம்டா, கண்ணு.”

குட்டி போர்வையை விட்டு எழுந்து நின்றது. கொக்கம்மா அதை மெல்ல மடித்தாள். முயல்களிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

வெற்றுடம்போடு நடுங்கிக் கிடந்த முயல்கள் போர்வைக்குள் புகுந்தன. தாய்முயல் மட்டும் தலையை நீட்டியது.

“அந்த வீட்டுக் குட்டி எதைப் போர்த்திக்கும்?”

“ஒண்ணுமில்லை.”

“கடிக்குமா?”

“இன்னும் பால்பல்தான்.”

தாய்முயல் மற்ற முயல்களைச் சற்று நகர்த்தியது.

“கூட்டிட்டு வாங்க. கால்மாட்டில் இடமிருக்கு.”