மாடி அறைக்கு வைத்தியம்

முழங்கை வரை வெள்ளையாக மாடிப்படியில் இறங்கி வந்தார் பெயிண்டர் ஆவுடையப்பன். வாசலில் அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திய வீரபாகுவுக்கு அந்தக் கைகளைப் பார்த்ததுமே பாதி நிம்மதி.

"முடிஞ்சிட்டா வே?"

"கவலையை விடுங்க அண்ணாச்சி. ஒரே ஒரு விஷயம். இந்த மாடிப்படியில பத்து நாளைக்கு ஆள் நடமாட்டம் கூடாது. தூசி பறந்து ஒட்டிச்சின்னா, வெயிலைத் திருப்பி அனுப்புத குணம் போயிரும்."

"நாளைக்கு மகளும் மருமவனும் வாராவளே. அவங்க மேலதான படுக்கணும்?"

"படுக்கிற ரெண்டு பேரு போலாம், வரலாம். மூணாவது ஆளுதான் கூடாது."

வீரபாகு மேலே ஒரு பார்வை பார்த்தார். "நான் ஒரே ஒரு எட்டு போயிட்டு வந்திருதேனே?"

"அவன் சொல்லுததைக் கேளுங்க" என்றாள் சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி வடிவம்மாள். "இந்தத் தடவையாவது பிள்ளை நாலு நாள் கூட இருந்துட்டுப் போவட்டும்."

வீரபாகு ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டப் போய்விட்டார். வடிவம்மாள் தொட்டது வலிக்கிற இடம்.

மகள் இந்துமதி கோயம்புத்தூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதம் வருவாள். பத்து நாள் என்று சொல்லிக்கொண்டுதான் வருவாள். மூன்றாம் நாள் காலையில், "மாடி ரூம்ல சூடு தாங்கலைப்பா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு ஸ்ரீவைகுண்டத்தில் அவன் அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். மூன்று வருஷமாக இப்படித்தான்.

வீரபாகுவும் சும்மா இருக்கவில்லை. ஏ.சி. போட்டுப் பார்த்தார், உப்புக்காற்று இரண்டு பெட்டிகளை அரித்துத் தின்றுவிட்டது. மீன்பிடித் துறைமுகம் பக்கம் கயிறு, தார்ப்பாய்க் கடை வைத்திருப்பவர் என்பதால், முதல் வருஷம் மொட்டைமாடி முழுக்கத் தார்ப்பாய் கட்டி, முடிச்சு அவிழ்ந்ததா என்று மணிக்கொரு தரம் மேலே போய்ப் பார்த்தார். அடுத்த வருஷம் பனையோலை பரப்பி, காயக் காயத் தண்ணீர் தெளித்தார்.

போன வருஷம் ஜன்னலுக்கு ஈரச்சாக்கு. அதை நனைக்கப் போகும்போதெல்லாம் கையில் தெர்மாமீட்டரும் போகும். ஐந்து நிமிஷம் காத்திருந்து, "முப்பத்தெட்டு" என்று வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். இத்தனைக்கும் பிறகுதான், மொட்டைமாடித் தரையில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும் யோசனையை வடிவம்மாள் சொன்னாள்.

மறுநாள் மகளும் மருமகனும் வந்தார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர்கள் மேலே போனதும், வீரபாகு படிக்கட்டின் அடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாலு மணிக்கு மருமகன் செந்தில்முருகன் இறங்கி வந்தான். பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"மேல எப்படி இருக்கு மாப்ளே?"

"ஜில்லுன்னு இருக்கு மாமா."

"பெறவு ஏன் இப்படி வேர்க்கு?"

"மேல இருந்துட்டுக் கீழ வந்தா அப்படித்தான் இருக்கு" என்று துண்டை எடுத்துக்கொண்டு அவன் குளிக்கப் போனான்.

மூன்றாம் நாள் காலை வீரபாகு கடைக்குப் போகவில்லை. பெட்டி இறங்குகிறதா என்று படியையே பார்த்தபடி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இந்துமதி வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"அப்பா, நண்டு தின்னு ரொம்ப நாளாச்சு. கெடைக்குமா?"

அவர் செருப்பைத் தேடாமலே கிளம்பிவிட்டார்.

ஒரு வாரம் ஆனது. மருமகனோடு கேரம் ஆடி இரண்டு முறை தோற்றார். மகள் பாயில் படுத்து அம்மாவோடு கதை பேசுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு ரோச் மாட்டிக்கொண்டபோது மட்டும் பெயிண்ட் புராணம் நீளும்.

"ஏ ரோச்சு, உம்ம மாடிக்கும் அடிச்சுரும். ஊட்டி தோத்துரும் வே."

"நீரு மேல போயிப் பாத்தீரா?"

"போவப்பிடாதுல்லா. அதான அதுக்குப் பத்தியம்."

"பாக்காமலே ஊட்டிங்கீரு. நல்லாத்தான் இருக்கு."

"என் மக எட்டு நாளா இருக்கா. இதைவிட என்ன தெர்மாமீட்டர் வேணும் உமக்கு?"

பத்தாம் நாள் காலை ஆட்டோ வந்து நின்றது. ஏறும்போது இந்துமதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் பதினஞ்சு நாள் வாரோம்பா." வீரபாகு எதற்காகவோ ஆட்டோக்காரரை அதட்டினார். பஸ் ஏற்றிவிட்டு அப்படியே கடைக்குப் போவதாகவும் சாயங்காலம்தான் திரும்புவதாகவும் சொல்லிவிட்டு அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

ஆட்டோ தெருமுனையில் மறைந்ததும், கேரியரில் பெரிய வாளியைக் கட்டிக்கொண்டு ஆவுடையப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். வாளியின் மூடி இன்னும் பிரிக்கப்படவில்லை.

"மாதா கோயில் சுவர் வேலை நேத்துத்தான் முடிஞ்சுது மதினி. இங்கன இன்னைக்கு அடிச்சிரட்டுமா?"

"அவரு வாரதுக்குள்ள அடிச்சு முடிச்சிரு" என்றாள் வடிவம்மாள்.

வாளியை இறக்கி வைத்த ஆவுடையப்பன் மாடியை அண்ணாந்து பார்த்தார். ஒன்பது மணிக்கே அனல் அடித்தது. "அன்னைக்குக் கோயில் பெயிண்டு கையோட வந்து, நீங்க சொல்லச் சொன்னதை அப்படியே அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன். ஆனா ஒண்ணுதான் வெளங்கலை. பெயிண்டே அடிக்காத ரூம்ல, இந்த வெயில்ல, எப்படி மதினி பத்து நாள் இருந்தாவ?"

வடிவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்க அண்ணாச்சி மேல போகலைல்லா."